மாப்பிள்ளையின் இடது கை

அந்த நர்சிங் கல்லூரியில் படித்த பெண்களுக்கெல்லாம் முதல் மாப்பிள்ளை ஒருவனேதான். பிளாஸ்டிக்கில் செய்தவன். பயிற்சி அறையின் மூலையில் ஒரு கட்டிலில், மார்புவரை போர்த்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடப்பான். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பழக வசதியாக இருக்குமென்று கம்பெனிக்காரன் வாயைத் திறந்தபடியே செய்து அனுப்பியிருந்தான். அவனுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தவள் எந்தக் காலத்து மாணவியோ, அவள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். பேசமாட்டான். எத்தனை தடவை குத்தினாலும் முகம் சுளிக்கமாட்டான். வீட்டில் மாமியார் கிடையாது. இதைவிட நல்ல வரன் வெளியே அமையாது என்று விடுதியில் பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

ஒரே ஒரு குறை. மாப்பிள்ளைக்கு இடது கை கிடையாது. முன்பு இருந்தது. யாரோ பிடித்து இழுத்ததில் தோளோடு கழன்று, உள்ளே இருந்த ரப்பர் குழாய் கிழிந்து, ரத்தத்துக்குப் பதிலாக ஊற்றியிருந்த சிவப்புத் தண்ணீர் அறையெல்லாம் ஓடியது. நிர்வாகம் கூடிப் பேசியது. புதுக் கை வாங்குவதற்குப் பதிலாக ஒரு போர்வை வாங்கியது. கட்டிலின் இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டுப் போர்வையை அந்தப் பக்கமாக இழுத்து விட்டார்கள். ஆய்வுக்குழு வந்தது, வலது பக்கம் நின்று பார்த்தது, பொம்மை நல்ல முறையில் பராமரிக்கப்படுகிறது என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனது.

இந்த மாப்பிள்ளையிடம் தொழில் கற்றவள்தான் மெடல். அந்தப் பேர் பிற்பாடு ஆஸ்பத்திரியில் வந்தது, வீட்டில் பாப்பா. அப்பா தண்ணி லாரி ஓட்டுகிறவர். அம்மா செருப்புக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். பாப்பா முட்டி மோதிப் படிக்கிற ரகம். இதயத்தின் அறைகளைத் தன் வீட்டு அறைகளைவிட நன்றாகச் சொல்லுவாள். மாப்பிள்ளையின் வலது கையில் கண்ணை மூடிக்கொண்டு லைன் போடுவாள். லைன் என்றால், மருந்து இறக்குவதற்காகக் கை நரம்பில் ஊசியை நுழைத்து ஒரு சின்னக் குழாயைப் பதித்து வைப்பது. நர்ஸ் வேலையில் பாதி அதுதான். மீதி, சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது. அந்த மீதிப் பாதிக்குக் கல்லூரியில் பாடமே கிடையாது.

செய்முறைத் தேர்வு ஒரு கூத்து. மாணவி மாப்பிள்ளையின் பக்கத்தில் நின்று, செய்வதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். "கையைக் கழுவிவிட்டேன். நோயாளிக்கு விளக்கிவிட்டேன். நோயாளியின் நம்பிக்கையைப் பெற்றுவிட்டேன்." ஒவ்வொன்றுக்கும் தேர்வாளர் மதிப்பெண் போடுவார். கழுவத் தண்ணீர் வேண்டாம், விளக்க வார்த்தை வேண்டாம், நம்பிக்கையைப் பெற ஆள்கூட வேண்டாம். நம்முடையவள் ஒரு வரி பிசகாமல் சொன்னாள். தங்க மெடல் கிடைத்தது. தங்கம் மேலே மட்டும்தான். அப்பா அதை டிவிக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார்.

ஆஸ்பத்திரிப் பயிற்சி இல்லையா என்றால், இருந்தது. வேன் வைத்து அழைத்துப் போனார்கள். போர்வை மடித்தார்கள், நாடி பிடித்தார்கள், காய்ச்சல் பார்த்தார்கள். ஊசி என்று வந்தால் அங்கிருந்த நர்ஸ்கள், "ஓரமா நின்னு பாருங்கம்மா, கைய வைக்காதீங்க," என்றார்கள். ஓரமாக நின்று பார்ப்பதில் அந்தப் பெண்கள் எல்லோருமே கைதேர்ந்தவர்கள் ஆனார்கள்.

வேலை கிடைத்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆண்களும் பெண்களும் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் படுக்கிற பொது வார்டு. முதல் நாள், பித்தப்பையில் கல்லோடு வந்திருந்த ஓர் அம்மாவுக்கு லைன் போட வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாள். பழக்க தோஷம், வாய் தானாகத் திறந்தது.

"நோயாளிக்கு விளக்கிவிட்டேன்."

அந்த அம்மா அடுத்த கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "எந்த நோயாளிக்கும்மா?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கா? எப்போ? நான் தூங்கிட்டிருந்தேனா?"

அடுத்த வரி நம்பிக்கையைப் பெற்றுவிட்டேன் என்பது. அதை விழுங்கிவிடுகிற அளவுக்கு அவளுக்குப் புத்தி இருந்தது.

சில நாட்களில் வார்டில் ஓர் அதிசயம் நடந்தது. யாரைப் பார்த்தாலும் வலது கையில் பிளாஸ்திரி. மெடலும் அவளோடு படித்து அதே வார்டுக்கு வந்திருந்த இன்னொருத்தியும்தான் லைன் போடுகிறவர்கள். அந்த இன்னொருத்தி எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். அதனால் சிரிப்பு என்றே பேர். நோயாளிகள் இடது கையில் கரண்டியைப் பிடித்துக் கஞ்சியைத் தாடையில் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் சட்டைப் பையைக் காட்டி, "இவனுக்கும் பசிக்குது போல, வாய்க்குக் குடுத்தா இவன் வாங்கிக்கிறான்," என்றார்.

இன்சார்ஜ் சிஸ்டர் சுற்றி வந்தார். குள்ளம், கனத்த குரல், எந்தச் சத்தத்தையும் தன் சத்தத்தால் மூடிவிடுகிற அம்மாள். கட்டில் கட்டிலாகப் பார்த்துவிட்டு நடுவில் நின்றார்.

"ஏன்மா, இந்த வார்டுல யாருக்குமே இடது கை கிடையாதா?"

சிரிப்பு சிரித்தாள்.

"எந்தக் காலேஜ் நீங்க ரெண்டு பேரும்?"

சொன்னார்கள்.

"அதானே பாத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா. வருஷா வருஷம் வந்து இறங்குறீங்க. வாங்க வாங்க."

அன்றிலிருந்து வார்டில் அவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். காபி கொண்டுவருகிற ஆயாகூட, "மாப்பிள்ளை வீட்டுக்குச் சர்க்கரை தூக்கலாவா?" என்று கேட்டுத்தான் கொடுத்தாள்.

இதற்குள் மெடல் ஒரு நல்ல காரியமும் செய்திருந்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும். மருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு பையனின் கழுத்தில் லேசாகத் தடிப்பு கிளம்பியதைப் பார்த்து, யாரையும் கேட்காமல் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். ஒவ்வாமை. இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் வம்பாகியிருக்கும். புத்தகத்தில் படித்ததுதான். ஆக, படிப்பு வீண் என்று யாரும் சொல்ல வேண்டாம். தலை பாஸ். கால்தான் பெயில்.

கால் எப்படிப் பெயில் என்பது பேக்கரிக்காரர் விஷயத்தில் தெரிந்தது. வயிற்றில் கிருமி புகுந்து வந்தவர். நல்ல பாரி உடம்பு, நல்ல சாது. போட்டுப் போட்டு அவருடைய வலது கை வீங்கிவிட்டது. "வலது கை போதும், இடது கையில போடு," என்று சொல்லிவிட்டு இன்சார்ஜ் போய்விட்டார். மெடல் வழக்கம்போலக் கட்டிலின் இந்தப் பக்கம் நின்றாள். இடது கை அந்தப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு நாற்காலியும் ஒரு ஜன்னலும் நடக்கத் தாராளமான இடமும்தான் இருந்தன. ஆனால் படித்த காலம் முழுக்க அந்தப் பக்கம் சுவர். அவள் காலுக்கு இன்னும் அங்கே சுவர்தான்.

"அண்ணா, கொஞ்சம் திரும்பிப் படுக்கிறீங்களா? தலையைக் கால் பக்கம் வச்சு."

"ஏன் சிஸ்டர், இந்தப் பக்கம் ஃபேன் காத்து கம்மியா?"

"லைன் போட வசதியா இருக்கும்."

பாவம், மனிதர் மூச்சு வாங்க எழுந்து, ட்ரிப்ஸ் கம்பியைச் சுற்றி வந்து, தலையைக் கால்மாட்டில் வைத்துப் படுத்தார். இடது கை அவள் பக்கம் வந்தது. எப்படியோ லைன் போட்டாள். அவருக்குக் குளிரெடுத்ததால் போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு தூங்கிப்போனார்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் வந்தார். டாக்டர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பார்க்கிறவர்கள். காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே தலைமாட்டுக்குப் போய், போர்வையை விலக்கி, "நாக்கை நீட்டுங்க," என்றார்.

தூக்கத்தில் பேக்கரிக்காரரின் கால் கட்டைவிரல் அசைந்தது.

"இன்னும் கொஞ்சம்," என்றார் டாக்டர்.

வார்டே குலுங்கிச் சிரித்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. இன்சார்ஜும் சிரிக்கவில்லை, அப்புறம் துணி வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்ததாக ஆயா சொன்னாள். சிரித்து முடித்துவிட்டு மெடலை உள்ளே கூப்பிட்டார்.

"பேக்கரிக்காரரை நகத்துறது ஈசியா, உன்ன நகத்துறது ஈசியா?"

"என்னைத்தான் சிஸ்டர்."

"அப்புறம் ஏன் அவரைத் திருப்பின? அவரு திரும்பினப்புறம் நீ நின்னது அவருக்கு இடது பக்கம்தானே? அந்தப் பக்கத்துக்கு நீயே நடந்து போய் நின்னிருக்கலாமே?"

மெடல் யோசித்தாள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடப்பதற்குப் பதிலாக ஒரு முழு பேக்கரிக்காரரைச் சுற்றவிட்டிருக்கிறாள். காது சூடேறியது.

"இங்க பாரும்மா. உனக்குத் தலையில சரக்கு இருக்கு. கால்தான் வரமாட்டேங்குது. மாசக் கடைசியில உன்ன நிரந்தரமாக்கலாமா வேண்டாமான்னு நான் எழுதணும். ஆளைத் திருப்பாம இடது கையில ஒரு லைன் போட்டுக் காட்டு. இல்லேன்னா மெடலுக்காக நான் பொய் எழுத மாட்டேன்."

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறொரு கதவு திறந்து கிடந்தது. கல்லூரி முதல்வர் போன் செய்திருந்தாராம். பயிற்சி அறை மேடம் வேலையை விட்டுப் போகிறார். மெடல் வாங்கிய பெண் அந்த இடத்துக்கு வந்தால் கல்லூரிக்கே பெருமை. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"உக்காந்து பாக்குற வேலைடி. ராத்திரி டூட்டி கிடையாது. எல்லாரும் மேடம்னு கூப்பிடுவாங்க. நாள் பூரா அடுத்தவங்க கால்ல குனிஞ்சு நிக்கிற எனக்குத்தான் தெரியும் நாற்காலியோட அருமை."

"அந்த மேடமும் வார்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு முடியாம ஓடி வந்தவங்கதாம்மா."

"ஓடி வந்து நல்லாத்தானே இருக்காங்க?"

"அவங்க நல்லாருக்காங்க. பேக்கரிக்காரர்தான் தலைகீழா படுத்திருக்காரு."

நடந்ததைக் கேட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தொழில்காரியாகப் பேசினாள். "இடது வலது தெரியாம செருப்புக்கடையில ஒரு நாள் நிக்க முடியுமாடி? உனக்கு மெடல் குடுத்தவன எங்க கடைக்கு அனுப்பு."

மெடலுக்குப் பயம் வேலை போவதைப் பற்றி மட்டுமல்ல. வேலை போனால் நாற்காலி காத்திருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத கையைப் போர்வையால் மூடி, வருகிற பெண்களுக்கெல்லாம் நம்பிக்கையைப் பெற்றுவிட்டேன் என்று சொல்லக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். தான் நர்ஸா, பொம்மைக்குக் காவலா என்பது மாசக் கடைசிக்குள் தெரிந்துவிடும்.

அப்பா கட்டிலில் குட்டித்தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக் கட்டிலும் சுவரோடு ஒட்டித்தான் கிடந்தது. அவளும் அம்மாவும் சேர்ந்து, அப்பாவோடு அதை நடு அறைக்கு இழுத்தார்கள். அவர் கண் விழித்து, "வீடு மாத்துறோமா பாப்பா?" என்றார். அவள் அந்தப் பக்கம் போய் நின்று, அவருடைய இடது கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருந்தது. கட்டைவிரல் போக வேண்டிய இடத்துக்குச் சுண்டுவிரல் போனது. "குத்த மாட்டியே?" என்றார் அப்பா. "மாட்டேன்பா." "அப்போ தடவிக்கிட்டே இரு, சுகமா இருக்கு," என்று மறுபடி தூங்கிவிட்டார்.

மாசக் கடைசி நெருங்குகையில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வந்து சேர்ந்தார். புதிதாக ஓட்டப் பழகிய ஒருவர் லைசென்ஸ் கொடுக்கிற ஆபீஸின் சுவரிலேயே வண்டியை ஏற்றிவிட்டார். ஓட்டியவருக்குக் கீறல்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாஸ்டருக்கு வலது கை எலும்பு முறிவு. வலது காலும் முறிந்து, கட்டிலின் முனையில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மதியம் ஆபரேஷன். அதற்கு முன் லைன் போட்டு மருந்து இறங்க வேண்டும். இருப்பது இடது கை ஒன்றுதான். எடை தொங்குவதால் ஆளைத் திருப்பவும் வழியில்லை.

இன்சார்ஜ் மெடலைப் பார்த்தார். "போ," என்றார். அவ்வளவுதான்.

மெடல் தட்டோடு போய்ப் பழைய இடத்தில் நின்றாள். கட்டுப் போட்ட கை அவளைப் பார்த்தது. மாஸ்டரும் பார்த்தார்.

"எத்தனை பேருக்குப் போட்டிருக்கீங்க சிஸ்டர்?"

"வலது கையில நெறைய பேருக்கு."

"இடது கையில?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவள் தட்டிலிருந்த ஊசியைப் பார்த்தாள்.

"எல் போர்டா?" என்றார் மாஸ்டர்.

"ஆமா சார்."

அவர் தன் கையைப் பார்த்தார், தொங்குகிற காலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "என்னால எங்கயும் ஓட முடியாது. ஆரம்பிங்க."

அவள் நடந்தாள். கால்மாட்டைச் சுற்றி, எடையில் இடிக்காமல் ஒதுங்கி, ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். அங்கே சுவர் இல்லை. வெயில் இருந்தது. இந்தப் பக்கம் வார்டே வேறு ஊர்போலத் தெரிந்தது.

பட்டையைக் கட்டினாள். நரம்பு நன்றாகப் புடைத்தது. ஊசியை நுழைத்தாள். நரம்பு நழுவி ஒதுங்கியது, ஊசி தாண்டிப் போனது, அந்த இடம் கோலிக்குண்டுபோல உப்பியது. மாப்பிள்ளையின் நரம்பு ரப்பர்; அது எங்கும் ஓடாது. இது உயிருள்ளது, பயந்தால் ஓடும்.

ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு சொன்னாள்: "தவறிடுச்சு சார். ஊசி நரம்பைத் தாண்டிடுச்சு. வலிச்சிருக்கும், மன்னிச்சிக்கோங்க. இன்னொரு தடவை போட்டாகணும். நான் போடுறதா, வேற சிஸ்டரைக் கூப்பிடுறதா, நீங்க சொல்லுங்க."

நோயாளிக்கு விளக்குவது என்றால் அதுதான். அதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.

மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். "முதல் தடவை வண்டி ஆஃப் ஆகாத ஆள் எவன் இருக்கான்? இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க."

மறுபடி பட்டையைக் கட்டும்போதுதான் கவனித்தாள். மாஸ்டரின் சும்மா இருந்த இடது கால், கட்டில் பலகையை மிதித்துக்கொண்டிருந்தது. விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்கு.

"சார், பிரேக் போடுறீங்களா?"

அவர் தன் காலைப் பார்த்து அசடு வழிந்தார். "பழக்கம்மா. பக்கத்துல புதுசா யார் என்ன பண்ணினாலும் கால் தானா போயிடுது."

"உங்க பிரேக் இந்தக் கைவரைக்கும் பிடிக்குது. காலை லூசா விடுங்க. இது நின்னு போற வண்டி இல்ல."

அவளுக்கும் ஒரு விஷயம் உறைத்தது. குனிந்து நின்றபடி போட்டதில் முழங்கை அந்தரத்தில் ஆடியிருக்கிறது. நோயாளியின் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பது கல்லூரிச் சட்டம். ஜன்னலோரத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய உள்ளங்கையைத் தன் முழங்கால்மேல் ஏந்தி வைத்துக்கொண்டாள். தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து நரம்பை ஓடவிடாமல் நிறுத்தினாள். "இப்போ குத்தும்," என்று சொல்லிவிட்டுக் குத்தினாள். குழாயின் பின்பக்கம் கருஞ்சிவப்பாக ஒரு சொட்டு எட்டிப்பார்த்தது. சிவப்புத் தண்ணீருக்கு அந்த நிறம் கிடையாது.

"வண்டி ஷெட்டுக்குள்ள போயிடுச்சா?" என்றார் மாஸ்டர், கண்ணை மூடிக்கொண்டே.

"போயிடுச்சு சார்."

"சுவத்துல இடிக்காம?"

"இந்தப் பக்கம் சுவரே இல்ல சார்."

இன்சார்ஜ் தடுப்புக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். வெளியே வந்தவளை நிறுத்தினார்.

"ஒரு குத்து வீணாப்போச்சு."

"ஆமா சிஸ்டர்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"அவர்கிட்ட கேட்டேன். என்னையே போடச் சொன்னாரு."

"கேட்டியாக்கும்," என்றார் இன்சார்ஜ். மாசக் கடைசியில் மெடலைப் பற்றி அவர் எழுதி அனுப்பியது ஒரே வரி: கட்டிலைச் சுற்றி வருகிறார், வைத்துக்கொள்ளலாம். மேலதிகாரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை; ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

மெடல் முதல்வருக்குப் போன் செய்து, வார்டிலேயே இருந்துவிடுவதாகச் சொன்னாள். பக்கத்தில் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு வேண்டுகோள் மேடம். மாப்பிள்ளையோட, அதாவது அந்தப் பொம்மையோட கட்டிலைச் சுவத்துலேர்ந்து கொஞ்சம் தள்ளிப் போட்டா நல்லாருக்கும்."

"தள்ளிப் போட்டா இன்ஸ்பெக்ஷன்ல கை இல்லாதது தெரிஞ்சிடுமேம்மா."

"ஒரு கை வாங்கிடலாமே மேடம்."

"போர்வை இன்னும் கிழியலயே," என்றார் முதல்வர்.

அந்த வேலைக்குச் சிரிப்பு போனாள். இப்போது மேடம். சிரித்துக்கொண்டே பாடம் நடத்துகிறாளாம், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம்.

அடுத்த வருஷம் புது நர்ஸ்கள் வந்து இறங்கினார்கள். ஒரு காலை மெடல் வார்டுக்குள் நுழைந்தபோது, ஜன்னலோரக் கட்டிலில் தலையணைமேல் இரண்டு பாதங்கள் சௌகரியமாக இருந்தன. கால்மாட்டிலிருந்து ஒரு வழுக்கைத் தலை அவளைப் பார்த்து விழித்தது. பக்கத்தில் புதுப்பெண் ஒருத்தி தட்டோடு, தான் செய்ததில் தனக்கே திருப்தியாக நின்றுகொண்டிருந்தாள்.

மெடல் தலையணையைத் தூக்கித் தலைக்குக் கொடுத்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டாள்:

"மாப்பிள்ளை சௌக்கியமா?"